நாலாவது தட்டு

உடுமலைக்குத் தெற்கே, மலை நீலமாகத் தெரிகிற தூரத்தில் ஒரு சின்ன மடம். இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கூடம். பின்னால் ஒரு கிணறு, இரண்டு கொய்யா மரங்கள். அந்த மடத்தைப் பார்த்துக்கொண்டவர் தவமணி அம்மா. வயது நாற்பத்தொன்று. தன்னைவிட மூத்தவர்கள் தன்னை அம்மா என்று கூப்பிடுவது அவருக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. மூத்த பெண்களை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வியாழக்கிழமைதோறும் அங்கே பாடம் நடக்கும். எல்லோரும் பாயில் உட்காருவார்கள். பூங்கோதை மட்டும் சுவரோரம் நாற்காலியில் உட்காருவார். தரையில் உட்கார முழங்கால் மடங்காது. ஐம்பத்தெட்டு வயது, எண்பத்துநாலு கிலோ. ஊருக்குள் மில்லை ஒட்டிய தெருவில் சொந்த வீடு, தனிக்கட்டை. சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது.

அவருடைய அக்காவுக்கும் சர்க்கரைதான். போன ஐப்பசியில் அக்காவின் இடது பாதத்தை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா போர்வைக்குள் கையை விட்டு, இல்லாத பாதத்தைச் சொறியப் பார்த்ததைப் பூங்கோதை பக்கத்தில் நின்று பார்த்தார். அன்று முதல் தினமும் குளிக்கும்போது தன் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"பத்துக் கிலோ இறங்கியே ஆகணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலையில் ராகிக் கூழ். மதியம் ஒரு கிண்ணம் சோறு. ராத்திரி இரண்டு சப்பாத்தி. எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டரே மெச்சினார். ஆனால் எடை மட்டும் இறங்கவில்லை. காரணம் அந்தத் தாளில் இல்லை. அது பூங்கோதைக்கு மட்டும் தெரிந்த காரணம். சாயங்காலம் நாலு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பாடம் முடிந்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னையில இருந்து நாப்பத்தெட்டு நாளைக்கு விரதமுங்க. மத்தியானச் சோத்துக்கு அப்புறம் ராத்திரி வரைக்கும் வெறும் தண்ணிதான். எண்ணெய்ப் பலகாரம் கையில தொடமாட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தவமணி அம்மா கைதட்டவில்லை.

"சரிங்க்கா" என்றார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மழை வந்தது. பூங்கோதை ஜன்னல் கதவைச் சாத்தினார். மண் வாசனை உள்ளே வந்துவிட்டிருந்தது. அடுத்து அவருக்கு நினைவு இருந்ததெல்லாம் ஒரு காலித் தட்டும் விரல் நுனியில் எண்ணெயும்தான்.

அடுத்த வியாழக்கிழமை யாரோ விசாரித்தார்கள்.

"விரதம் எப்படிப் போகுதுங்க?"

"நல்லாப் போகுதுங்க" என்றார் பூங்கோதை.

"மூஞ்சியே வடிஞ்சிருச்சு, பாருங்க" என்றார் ஒருவர்.

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமை அவர் மடத்துப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தார். தவமணி அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, விரதம் ஒம்பதாம் நாளே போச்சுங்க."

"ம்."

"எல்லார்த்துக்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

"ம்."

"நீங்க திட்டுவீங்கன்னு வந்தேன்."

"குடத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க்கா."

பூங்கோதை குடத்தைப் பிடித்தார். தண்ணீர் நிறைந்தது. பிறகு தவமணி அம்மா கிணற்று மேடையில் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"என்னத்தைச் செய்யலை? சுடுதண்ணி குடிச்சேன். வெள்ளரிக்கா நறுக்கி வெச்சேன். நாலு மணிக்கே பல்லு வெளக்கிட்டு உக்காந்தேன். வடச்சட்டியைத் தூக்கிப் பரண் மேல போட்டேன்."

"அப்புறம்?"

"ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேனுங்க."

தவமணி அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூங்கோதையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அந்நேரம் பசிக்குதா?"

"பசியே இல்லைங்க. அதுதான் எனக்கே வெளங்கலை. நாலு மணிக்கு மில் சங்கு ஊதினாப் போதும், கை தானாக் கடலமாவு டப்பாவுக்குப் போகுது. சுட்டு எடுக்கிற வரைக்கும் மனசு ஒரு மாதிரி நல்லா இருக்கும். தின்னு முடிச்சப்புறந்தான் நெஞ்சு அடைக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கக்கா காலு ஞாபகம் வரும். ஆனா மறுநாளும் சங்கு ஊதுமே. இதை எப்படி விடறதுன்னு சொல்லுங்கம்மா."

"நாளைக்கு நாலு மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். எப்பவும் போலச் சுடுங்க."

"நீங்க ஒருவேளைதானுங்களே சாப்பிடுவீங்க?"

"சாப்பிட வர்லைங்க்கா. பாக்க வர்றேன்."

மறுநாள் அவர் வந்தபோது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. பூங்கோதை சமையலறையில் இருந்தார். தவமணி அம்மா அதன் வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் பூங்கோதைக்குக் கூச்சமாக இருந்தது. வாழைக்காயைச் சீவத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது. மாவில் ஒரு சிட்டிகை ஓமம். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து மாவிலேயே ஊற்றிக்கொண்டார். கை வேகமாக, அழகாக ஓடியது. ஒரு ஈட்டுக்கு நாலு பஜ்ஜி. இரண்டாம் ஈட்டில் ஒன்று உடைந்தது. அதைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்து, ஊதி, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டார். அதன் இடத்தில் இன்னொரு துண்டை மாவில் தோய்த்துப் போட்டார். உடைந்ததைத் தின்றது அவருக்கே தெரியவில்லை. தவமணி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஈடு எடுத்ததும் பூங்கோதை அடுப்பை அணைத்தார்.

"எத்தனைங்க்கா?"

"பன்னெண்டு."

"எண்ணவே இல்லையே நீங்க?"

"எதுக்குங்க எண்ணோணும்? எப்பவும் பன்னெண்டுதான்."

"எப்பவும்னா?"

பூங்கோதை யோசித்தார். "பசங்க பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து."

"அப்ப எப்படி வெப்பீங்களோ, அதே மாதிரி வெச்சுக் காட்டுங்க."

பூங்கோதை அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்தார். மூன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. கூடத்தில் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார். முதல் தட்டில் ஐந்து எண்ணி வைத்தார்.

"இது சிபிக்கு. அஞ்சுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும் வீட்டை ரெண்டாக்கிருவான். ஷூவைக் கழட்டாமயே உள்ள வருவான். கை கழுவுடான்னா, பேண்ட்டுல தொடச்சுட்டுக் கழுவிட்டேம்மான்னு காட்டுவான்."

இரண்டாவது தட்டில் மூன்று.

"இது தாரணிக்கு. இவ பஜ்ஜியே திங்கமாட்டா. மேல இருக்கிற மாவை மட்டும் உரிச்சுத் திம்பா. வாழைக்காயை அப்படியே தட்டு ஓரத்துல அடுக்கி வெச்சிருவா, என்னமோ கோட்டை கட்டற மாதிரி."

மூன்றாவது தட்டில் நாலு. அதை வைக்கும்போது கை கொஞ்சம் மெதுவாயிற்று.

"இது அவருக்கு. சட்னி தொடமாட்டாரு. டீயில தோய்ச்சுத் திம்பாரு. எண்ணெய் மெதக்குது, கருமம், அப்படீன்னு நான் கத்துவேன். அவரு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இன்னொண்ணு தோய்ப்பாரு. மில்லுல இருந்து வந்தா தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். தாரணி பெஞ்சு மேல ஏறி நின்னு அதைப் பொறுக்குவா."

பூங்கோதை தானாகவே பேசிக்கொண்டு போனார். மழை நாளில் மின்சாரம் போய்விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், வீட்டுப்பாடம் இல்லை. சிபி ஒருமுறை மார்க் அட்டையை அப்பாவின் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அவர் தின்று முடித்துத் தட்டைத் தூக்குகிறவரை கதவுக்குப் பின்னால் நின்றது. அதில் படிந்திருந்த எண்ணெய்க் கறையோடேயே அவர் கையெழுத்துப் போட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதை மோந்து பார்த்து, "வாழைக்காயா, வெங்காயமா?" என்று கேட்டது.

"காலையில ஆளாளுக்கு ஓட்டம். ராத்திரியில படிப்பு, டிவி, அவருக்குத் தூக்கம். நாலு பேரும் ஒரு எடத்துல இருக்கிறது இந்த அரைமணி நேரந்தானுங்க. இருவது வருசம்."

"சிபி இப்ப எங்க?"

"பூனாவில. ஞாயித்துக்கிழமை பேசுவான். டயட்ல இருக்கானாம், எண்ணெயே தொடறதில்லைங்கறான்."

"தாரணி?"

"கனடாவுல. அங்க இப்பத்தான் விடியுமுங்க."

கணவரைப் பற்றித் தவமணி அம்மா கேட்கவில்லை. பூங்கோதையே சொன்னார்.

"அவரு போயி தை வந்தா அஞ்சு வருசம்."

மூன்று தட்டுகளிலும் ஆவி அடங்கிவிட்டிருந்தது. தெருவில் ஷிப்டு முடிந்து போகிறவர்களின் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பூங்கோதை வாசல் பக்கம் பார்த்தார். சத்தம் வீட்டைத் தாண்டிப் போயிற்று.

"உங்க தட்டு எங்கேங்க்கா?"

"எதுங்க?"

"உங்க தட்டு."

"எனக்குத் தட்டு ஏதுங்க?" பூங்கோதை சிரித்தார். "நான் அடுப்புக்கிட்டயே நிப்பேன். உடைஞ்சது, கருகினது எனக்கு. தாரணி கட்டின கோட்டை எனக்கு. சிபி அஞ்சுக்குச் சண்டை போட்டுட்டு நாலு திம்பான், அந்த ஒண்ணு எனக்கு. வீணாக்க மனசு வராதுங்களே. மிச்சத்தைத் தின்னே எனக்கு வயிறு..."

அவர் நிறுத்திவிட்டார். பெஞ்சில் இருந்த மூன்று தட்டுகளையும் பார்த்தார். ஒரு தட்டு, அடுத்த தட்டு, அதற்கடுத்த தட்டு.

"இப்பப் பன்னெண்டும் மிச்சந்தானுங்களே" என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

தவமணி அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். அலமாரியைத் திறந்து பெயர் வெட்டாத ஒரு தட்டை எடுத்தார். தன் முந்தானையால் துடைத்தார்.

"உங்களுக்கு எத்தனை வேணும்?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பூங்கோதைதான். அவரிடம் யாரும் கேட்டதில்லை. கடை முன்னால் நின்று எதை வாங்குவதென்று தெரியாத பிள்ளையைப் போல நின்றார்.

"ரெண்டு" என்றார் கடைசியில்.

"சூடாவா?"

"சூடா."

"உக்காருங்க."

"நீங்க எதுக்குங்கம்மா, நானே..."

"உக்காருங்க்கா."

பூங்கோதை நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. தவமணி அம்மாவுக்குச் சமையல் வராது என்பது மடத்தில் எல்லோருக்கும் தெரியும். மாவு மேடையெல்லாம் சொட்டியது. ஒரு பஜ்ஜிக்கு வால் முளைத்தது. இன்னொன்று ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் வெளுத்திருந்தது. இரண்டையும் தட்டில் வைத்து, கூடவே ஒரு டம்ளர் தண்ணீரோடு கொண்டுவந்து பூங்கோதையின் கையில் கொடுத்தார்.

பூங்கோதை ஒரு விள்ளல் பிய்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"முறுமுறுன்னு இருக்குதுங்க."

"நீங்க கரைச்ச மாவுதானே."

"உக்காந்து சூடாத் தின்னா இப்படியா இருக்கும்?"

பூங்கோதை ஒவ்வொரு விள்ளலாகத் தின்றார். இரண்டு பஜ்ஜி தின்ன அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமல் தின்றார். வாலையும் விடவில்லை. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

சற்று நேரம் கழித்து அவர் பார்வை பெஞ்சுக்குப் போனது. பார்வைக்குப் பின்னாலேயே கையும் போயிற்று. சிபியின் தட்டு விளிம்பைத் தொட்டு நின்றது.

"இதையெல்லாம் என்னுங்கம்மா பண்றது? ஆறிப்போச்சு. இத்தனை மிச்சம் கெடக்குதே."

"மிச்சமா?" என்றார் தவமணி அம்மா. "அது அவங்க பங்குங்க்கா. உங்க பங்கை நீங்க சாப்பிட்டாச்சு."