பூச்சியில்லாத கிரகத்தில் ஒரு பூ

"பூச்சியே இல்லாத உலகத்துல பூ பிழைக்க என்ன வழி?"

வந்ததும் வராததுமாகப் பரஞ்சோதி இதைத்தான் கேட்டார்.

ஆனைமலை அடிவாரத்தில், வெனிலாக் கொடிகளுக்கு நடுவே நின்றிருந்த வேலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அவளுக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனாலும் வெனிலாப் பூவைக் கையால் தொட்டுக் காய் பிடிக்க வைக்கும் வேலைக்கு அந்தப் பக்கத்தில் அவள்தான் வாத்தியார்.

"எந்த உலகத்துலீங்க?"

"நான் செய்யற உலகத்துல."

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கிரகங்கள் வடிவமைப்பது அவர் தொழில். இந்தக் கிரகம் மட்டும் விற்பதற்கில்லை. ஒன்பது வயது மகள் நித்திலாவைக் கொசுக்கடியால் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் கொண்டுபோனது. அதற்கு மறுமாதம் இதைத் தொடங்கினார். ஆறு வருடம் ஆகிறது. அவளைக் கடிக்க எதுவுமே இல்லாத ஓர் உலகம். எல்லாவற்றையும் வேலாத்தாளிடம் சொன்னார்.

"கொசுவை மட்டும் எடுத்திருக்கலாமுங்களே?"

"மனசு ஆறல. ஆறு கால் இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

"இலைதழை மக்கறதுக்குக் காளான் வெச்சேன். மகரந்தத்தைக் காத்து கொண்டுபோகும். எல்லாம் சரியாத்தான் ஓடுது. பூ மட்டும் நிக்க மாட்டேங்குது. என்ன நிறத்துல வெச்சாலும் நாலு தலைமுறையில எல்லாம் புல்லாயிடுது. என் பொண்ணுக்குப் பூன்னா உயிரும்மா."

வேலாத்தாள் ஒரு கொடியருகே அவரை அழைத்துப் போனாள். சீவிய ஈர்க்குச்சி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"காலைல விரியும். உச்சிக்குள்ள வாடிரும். அதுக்குள்ள தொடோணும்."

ஈர்க்கால் பூவுக்குள் இருந்த மெல்லிய தோலைத் தூக்கினாள். கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் ஓர் அழுத்து அழுத்தினாள். அவ்வளவுதான்.

ஒரு கிரகத்தையே உருட்டி வைத்தவருக்கு ஒரு பூவைத் தொட வரவில்லை. முதல் நாள் பாதிப் பூக்களைக் கிழித்துவிட்டார். மூன்றாம் நாள்தான் கை படிந்தது.

நான்காம் நாள் காலையில் கொடிக்கடியில் ஒரு பூ உதிர்ந்து கிடந்தது. தொட்ட பூ கொடியிலேயே நிற்கும். தொடாத பூ மறுநாள் விழுந்துவிடும்.

"இதை ஏனுங்க விட்டீங்க?"

"அழகா விரிஞ்சிருந்துது. அப்படியே இருக்கட்டும்னு விட்டேன்."

வேலாத்தாளின் முகம் சுருங்கியது.

"இங்கதான் இத்தனை தேனீ பறக்குதே. ஒண்ணுகூடவா தொடாது?"

"இதுக்கு வேண்டிய பூச்சி இங்க இல்லீங்க. கொடியைக் கடல் தாண்டிக் கொண்டாந்தாங்க. பூச்சியைக் கொண்டாரலை. இந்தக் கொடிக்கு நம்ம ஊருதானுங்க உங்க கிரகம்."

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. ஆறு வருடமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

"அப்ப, பூச்சி இல்லாமலே பூக்குது!"

"பூக்குதுங்க. பருவம் வந்தா தெனமும் விடியறப்ப விரிஞ்சு நிக்குது."

"யாருக்காக?"

"வராத பூச்சிக்கு."

கொடியில் அன்றைய பூக்கள் விரிந்திருந்தன. வெளிர்மஞ்சள். எல்லாமே வாய் திறந்திருந்தன.

"அது வராதுன்னு இதுக்குத் தெரியாதா?"

"யாருங்க சொல்றது, இதுகிட்ட?"

பரஞ்சோதிக்குத் தன் கிரகம் நினைவுக்கு வந்தது.

அந்தக் கிரகத்தில் நித்திலாவின் உயரத்துக்கு ஓர் ஊஞ்சல் கட்டியிருந்தார். அவள் காலுக்கு எட்டுகிற மாதிரி ஆற்றங்கரையில் படி வைத்திருந்தார். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் அந்த உலகத்தைத் திறந்து வைப்பார். மூட மனம் வராமல் அப்படியே விட்டுவிடுவார்.

கொடிக்கடியில் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதார். மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

வேலாத்தாள் தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. பக்கத்திலேயே நின்றாள்.

வெயில் ஏறியது. தரையில் கிடந்த ஈர்க்கை எடுத்து, மண்ணைத் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எந்திரிங்க. இன்னும் இருபது பூ காத்துட்டு இருக்குது."