அரண்மனை முகவரியில் வந்த ஓலைகள்

பழங்கால அரசர்கள் மக்களிடம் கருத்தே கேட்டதில்லை என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது கொடிய பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டியது. கேட்டார்கள். பறையறைந்து கேட்டார்கள். யார் பதில் சொல்லலாம் என்பதில்தான் சிறு சிக்கல்.

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை என்ற நகரைக் கோமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்லி மாலையில் வேறொன்று சொல்லும் அரசன். அவனுடைய அமைச்சர் திருமேனியார், நகரப் பொதுப்பணத்தில் வீடற்றவர்களுக்கு மண்வீடுகள் கட்டலாம் என்றார். திருமேனியார் எதைச் சொன்னாலும் வயிறெரியும் மண்டலராயர் சபையில் எழுந்தார்.

"பட்டத்து யானைக்குக் கொட்டடி ஒழுகுகிறது, அரசே! வீடா, கொட்டடியா? மக்களையே கேட்டுவிடுவோமே!"

"பேஷ்! கேளுங்கள்" என்றான் அரசன்.

ஓலை எழுதிக் குடத்தில் போடுவது அந்த ஊர் வழக்கம். ஓலையில் தெருவும் வீடும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. குடத்தைக் கவிழ்த்தபோது செல்லும் ஓலைகள் அத்தனையும் கொட்டடி என்றன.

அரசன் மகிழ்ந்துபோனான். "நம் நாட்டில் வீடில்லாதவரே இல்லை போலிருக்கிறதே, அமைச்சரே!"

"மூன்று நாள் அவகாசம் கொடுங்கள், அரசே. இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்" என்றார் திருமேனியார். நேராக மறுத்தால் அரசன் முறுக்கிக்கொள்வான் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, சுவையாக ஒரு யுக்தி செய்வதில் அவருக்கு ஆசையும் உண்டு.

அரண்மனைப் பின்மதிலோரம் இருநூறு பேர் ஓலைக்கீற்றைச் சாய்த்து மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். திருமேனியார் அங்கே போனபோது, தண்ணீர் சுமக்கும் சடைச்சி என்பவளின் மடியில் ஒரு கைக்குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது.

"நானும் ஓலை போட்டேன், சாமி. எந்தத் தெரு, எந்த வீடுன்னு கேட்டு வீசிட்டாங்க. வீடு இருந்தா நான் எதுக்கு வீடு கேக்கப் போறேன்?"

"நீ எதில் சாய்ந்திருக்கிறாய், அம்மா?"

"இந்தச் சுவத்துல."

"யார் வீட்டுச் சுவர்?"

அவள் சிரித்துவிட்டாள். "ராசா வீட்டுது."

"அதையே எழுதிவிடுவோம்."

அவர்கள் சொல்லச் சொல்ல, இரண்டு நாள் தம் கையாலேயே எழுதினார்.

மூன்றாம் நாள் சபையில் ஓலை அதிகாரியான ஓலைநாயகம் படித்தார். "தெரு, ராஜவீதி. வீடு, அரண்மனை. வேண்டுவது, குடியிருக்க இடம்." அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும்.

"என் வீட்டில் எனக்குத் தெரியாமல் இருநூறு பேரா?" என்று அரசன் சீறினான்.

"மோசடி!" என்றார் மண்டலராயர்.

"தெருவும் வீடும்தானே எழுதச் சொன்னீர்கள், ராயரே?" என்றார் திருமேனியார். "அரசே, தங்கள் பள்ளியறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுக்கை. தாங்கள் இருமினால் அவர்களுக்குக் கேட்கிறது."

அரசன் மெல்லக் கேட்டான். "ஒரு குழந்தை அழுமோ? இரவில் கேட்ட சத்தம் பூனை என்றல்லவா ராயர் சொன்னார்!"

"குழந்தைதான்."

"நேற்றிலிருந்து கேட்கவில்லையே?"

"ஆமாம், அரசே" என்றார் திருமேனியார். "இனி என்றும் கேட்காது."

அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினான். "உம்முடைய புத்திக்கு."

"மூன்று நாள் அவகாசம் கேட்டவன் நான்" என்று அமைச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பணம் வீடுகளுக்கே போனது. அவை எழும்வரை மண்டலராயர் பின்மதிலோரம் கீற்றுக்கடியில் படுக்க வேண்டும் என்று ஆணையாயிற்று. முதல் வீடு சடைச்சிக்கு.

அதன் பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் எது கத்தினாலும் அரசன் ஆளனுப்பிப் பார்த்துவரச் சொன்னான். ஒவ்வொரு முறையும் அது பூனையாகவே இருந்தது.