அணைக்காத புகை

முன்னொரு காலத்தில், கண்ணுக்கே தெரியாத மேனிபுரம் என்கிற ராஜ்யத்தில், வெண்காடன் என்றொரு காவலன் இருந்தான். கோட்டைச் சுவரோரமாக நடப்பான், நடப்பான், நடந்துகொண்டே இருப்பான். பேச்சுத்துணைக்கு ஓர் ஈ காக்கைகூடக் கிடையாது. பாவம்.

ஒருநாள் முள்ளரக்கன் வந்து சுவரைக் கிழித்தான். வெண்காடன் விடுவானா? அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டான். ஆனால் கிழிசல் கிழிசல்தானே? இவனுக்கு விழுங்கத் தெரியும், பின்னத் தெரியாது.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. காவலன் தணலில் மாயப்பொடி போடுவான். எங்கோ தனியாக வாழும் நார்பின்னி ஒருத்திக்கு அந்தப் புகையின் வாசம் எட்டும். வாசம் கூடுகிற திக்கிலேயே நடந்து கிழிசலுக்கு வந்துசேர்வாள். அடைத்து முடித்ததும் காவலன் தணலை அணைத்துவிட வேண்டும்.

அப்படித்தான் ஒருத்தி வந்தாள். பின்னினாள், பின்னினாள், பின்னிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதிலேயே வெண்காடனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கிழிசல் அடைபட்டது. அணைத்தால் இவள் போய்விடுவாளே என்று இன்னொரு சிட்டிகை போட்டான்.

"நீ எந்தப் பக்கம்?" பதில் இல்லை. இன்னொரு சிட்டிகை.

"களைப்பா இருக்கா?" பதில் இல்லை. இன்னொரு சிட்டிகை.

"உன் பேராவது சொல்லேன்." அவள் கண் நாரை விட்டு நகரவில்லை. தனியாக இருந்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு தனிமை தெரிந்ததில்லை.

சுவரோ தடித்துத் தடித்து, பக்கத்துச் செந்நீர்க் கால்வாயை நெரித்தது. ஓடக்காரர் ஒருவர் கத்தினார்: "அண்ணே, ஓடம் நுழைய வழியில்ல. உள்ளே பிள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க. புகையை அணைங்க."

வெண்காடன் அவளைப் பார்த்தான். விரலெல்லாம் புண். வெட்கமாகப் போயிற்று அவனுக்கு. தணலில் தண்ணீரை ஊற்றினான். அவள் போவதைப் பார்க்க மனசில்லாமல் திரும்பி நின்றுகொண்டான்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. யாரோ தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"புகை இருக்கிறவரைக்கும் என் கையும் என்னுது இல்ல, வாயும் என்னுது இல்ல," என்றாள் அவள். "நீங்க கேட்டதெல்லாம் காதில விழுந்துச்சு. களைப்பாத்தான் இருக்கு. என் பேரு நூலாயி. கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமா?"

அவள் நாரைத் தளர்த்தித் தர, அவன் அதிகப்படியை விழுங்கினான். கால்வாய் திறந்தது, ஓடங்கள் போயின, பிள்ளைகள் வயிறார உண்டார்கள்.

மேனிபுரம் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? உங்கள் முழங்காலில் ஆறிப்போன தழும்பு ஒன்று இருக்குமே, தடவிப் பாருங்கள். இரண்டு பேரும் அங்கேதான் உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.