அடுப்புக்கு மேலே ஒற்றைச் செருப்பு

இங்கிலாந்தில் சஃபோக் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீடு. நானூறு வருஷப் பழசு. ஓக் மரச் சட்டங்கள், அவற்றுக்கு இடையே மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. உத்திரங்கள் தாழ்வானவை. பழமைக்காக அரசுச் சட்டம் பாதுகாக்கிற வீடு அது. சொந்தக்காரரே ஆனாலும் கவுன்சிலைக் கேட்காமல் ஒரு கதவைக்கூட மாற்றக்கூடாது. சுவரோடு சேர்ந்த எதையும் எடுக்கவும் கூடாது.

அதை வாங்கியவர் பல் மருத்துவர் தயாளன், திருநெல்வேலிக்காரர். மனைவி சங்கரவடிவு. வீட்டில் அவர்களுக்கு ஒரே குறை, தாளித்தால் புகை போக வழியில்லை. பழைய கணப்பு அடுப்பின் புகைபோக்கிக்குள் குழாய் விட்டு விசிறி பொருத்த அனுமதி கேட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் வடிவு பனிக்காலத்திலும் வெளிக் கொட்டகையில்தான் சமைக்க வேண்டும்.

அதற்குள் அடுப்பின் வலப்பக்கச் சுவர் மழைக்கு ஊறி உதிர்ந்தது. அதைச் செப்பனிட மட்டும் கவுன்சில் சம்மதித்தது. பூச்சு வேலைக்குக் கொலின் வந்தார். பழைய சுண்ணாம்பைத் தட்டியதும் அந்தச் சுவரின் உச்சியில், அடுப்புக்கு மேலே, ஒரு பொந்து திறந்தது. அதற்குள் ஒரு குழந்தையின் தோல் செருப்பு. ஒற்றை. வார் முடிச்சு அவிழாமல் இருந்தது.

"வேண்டுமென்றே வைத்தது இது," என்றார் கொலின். "கெட்டது எதுவும் புகைபோக்கி வழியாக இறங்கிவிடக் கூடாதென்று. கவுன்சில் அதிகாரி ஹெலனிடம் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துப் பூசிவிடலாம்."

வடிவு தலையாட்டினாள். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் அவரிடம் மேலே நாலு கேள்வி கேட்பார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தயாளன் வந்தார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. லண்டனிலிருந்து அவருடைய அக்கா வருகிறாள்.

"என்ன எழவு இது, அடுப்புக்கு மேல செருப்பு?"

"பழசுங்க. சுவத்துக்குள்ள இருந்திருக்கு."

"அக்கா கண்ணுல பட்டா அவ்வளவுதான். வெள்ளக்காரன் செருப்புக்குக் கீழ பால் காச்சினான் என் தம்பின்னு லண்டன் பூரா சொல்லிச் சிரிப்பா."

"சொல்லத்தான் செய்வாங்க," என்றாள் வடிவு.

கொலின் சொன்னதை அவள் சொல்லவில்லை. துவைத்து மடித்த துண்டு ஒன்றில் செருப்பைப் பொதிந்து, அவளே தயாளன் கையில் கொடுத்தாள். மறுநாள் கிளினிக் போகிற வழியில் தயாளன் அதை ஊர்க் குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனார்.

கொலின் வந்து வெறும் பொந்தைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். அந்த வட்டாரத்துப் பழைய வீட்டு வேலைகளெல்லாம் ஹெலனின் சிபாரிசில்தான் அவருக்குக் கிடைத்துவந்தன. தன் வேலையில் செருப்பு காணாமல் போனது தெரிந்தால் அது நின்றுவிடும். சுண்ணாம்பைக் குழைத்துப் பொந்தை அடைத்தார்.

வெள்ளிக்கிழமை பால் நன்றாகப் பொங்கியது. "வீடு லட்சணமாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "என்ன, உள்ள வந்தா குனிஞ்சே நடக்கணும்."

அடுத்த வாரம் ஹெலன் வந்தார். அடுப்பைப் பார்த்தார், புதுப் பூச்சைத் தடவினார்.

"இடித்தபோது உள்ளே ஏதாவது கிடைத்ததா?"

"ஒன்றுமில்லை," என்றார் தயாளன். செருப்பு என்று ஆரம்பித்தால் விசாரணை வளரும், விசிறி தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு. மிச்ச வேலைக்கு வந்திருந்த கொலின் தொட்டியில் பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. வடிவு தேநீர் வைத்தாள்.

அலமாரியில் ஒரு புகைப்படம் இருந்தது. பாதி கட்டிய வீடு. ஹெலன் அதைக் கையில் எடுத்தார்.

"ஊரில் எங்கள் வீடு," என்றார் தயாளன். பேச்சு மாறியதில் அவருக்கு உற்சாகம். "நான் இங்கே இருந்தேன். கூடவே நின்று கட்டியது இவள்தான்."

"பூசணிக்காய்க்குப் பக்கத்தில் தொங்குவது செருப்பா?"

"ஆமாம். எங்கள் மகளுடையது. திருஷ்டிக்கு. வீட்டுக்குக் கெட்டது எதுவும் வந்துவிடக் கூடாதென்று கட்டுவோம்."

ஹெலன் முகம் மலர்ந்தது. "இங்கேயும் அதே வழக்கம் இருந்தது, தெரியுமா? புகைபோக்கிப் பக்கம் ஒளித்து வைப்பார்கள். அதுவும் குழந்தையின் செருப்பாகப் பார்த்து. வீடு வாங்குகிறவர்கள் குப்பை என்று எறிந்துவிடுகிறார்கள். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. இந்த வீடு சரியான கைக்குத்தான் வந்திருக்கிறது. விசிறிக்கு நான் ஆட்சேபம் சொல்லப் போவதில்லை."

யாரும் நன்றி சொல்லவில்லை. தயாளன் புதுப் பூச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுவி முடித்த கரண்டியைக் கொலின் மறுபடி கழுவினார். வடிவு காலியாகாத கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சமையலறையில், ஹெலனைத் தவிர மூன்று பேர். ஒருவர் செருப்பை எறிந்து பொய்யும் சொன்னார். ஒருவர் பார்த்தும் பேசாமல் இருந்தார். ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். இவர்களில் அதிகம் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை:

தயாளன் என்று சொல்லத் தோன்றும், பொய் அவருடையது. ஆனால் அவர் எறிந்தது அவர் அறிவுக்கு ஒரு பழைய செருப்பு, அவ்வளவுதான். கொலின் பிழைப்புக்குப் பயந்தார், அது குற்றம்தான். என்றாலும் சொல்ல வேண்டியதை முதல் நாளே ஒருவரிடம் சொல்லியிருந்தார். வடிவு ஒருத்திக்குத்தான் இரண்டு ஊர் வழக்கமும் அப்போதே தெரியும். ஊரில் மகளின் செருப்பைக் கயிற்றில் கோத்துக் கட்டியது அவள் கை. அதனால்தான் கொலினிடம் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. அசுத்தம் என்று நினைத்திருந்தால் அதைத் துவைத்த துண்டில் பொதிந்திருக்க மாட்டாள். இன்னதென்று தெரிந்தே, ஒரு நாத்தனாரின் சிரிப்புக்குப் பயந்து கொடுத்தாள். விசிறி வந்துவிட்டது, சமையல் நடக்கிறது. அடுப்புக்கு மேலே அந்தப் புதுப் பூச்சு மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. வடிவு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உத்திரம் தாழ்வு, அதனால் குனிந்தே பழகிவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறாள்.