தவசிப்பிள்ளையின் ஓலைகள்

மடத்துக்குச் சமைக்கும் தவசிப்பிள்ளையின் பெயர் சிவக்கொழுந்து. கைமணத்துக்குப் பேர்போனவர். கோபத்துக்கு அதைவிடப் பேர்போனவர். மகள் கல்யாணப் பந்தியில், பாயசத்தில் இனிப்பு போதாது என்று சம்பந்தி வாய்தவறிச் சொல்லிவிட்டார். மனுஷர் அண்டாவையே கவிழ்த்துவிட்டார். அன்றோடு மகள் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மடத்தின் தலைவி அமுதவல்லியம்மை அவரைவிட இருபது வயது இளையவர். கோபத்தை விட வழி கேட்டுச் சிவக்கொழுந்து அவர் முன் போய் நின்றார். அம்மை ஒரு கட்டு ஓலையும் எழுத்தாணியும் கொடுத்தார்.

"தினம் சாயங்காலம், அன்னிக்குக் கோபத்துல என்ன செஞ்சீங்களோ அதை ஒரு வரி எழுதுங்க."

நூறாம் நாள் சிவக்கொழுந்து கட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"போதும் தாயே. நூறு நாளும் கோபம் வந்திருக்கு. நான் திருந்துற ஜென்மம் இல்லை. பேத்திக்குக் காதுகுத்தாம். கத்தாம இருக்க முடியும்னா வாங்கன்னு மக சொல்லி அனுப்பியிருக்கா. வரலைன்னு சொல்லிடப் போறேன்."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார்.

அம்மை கட்டைப் பிரித்தார். ஓலைகள் வெறுமையாகத் தெரிந்தன. எழுத்தாணி கீறிய இடத்தில் கரி தடவினால்தான் எழுத்து கண்ணுக்குப் படும்.

"கரி தடவலையா?"

"எழுதறதுக்கே வெக்கமா இருக்கு. அதைப் படிக்க வேற செய்யணுமா?"

அம்மை அடுப்படிக்குப் போனார். சட்டியின் அடிக்கரியைச் சுரண்டி எண்ணெயில் குழைத்து வந்தார். முதல் ஓலையில் தேய்த்துத் துடைத்தார்.

"படிங்க."

"தண்ணி எடுக்கிறவர் மேல் கரண்டியை வீசினேன்."

முப்பதாவது ஓலையில் தேய்த்தார்.

"கரண்டியை ஓங்கினேன்."

அறுபதாவது.

"கத்தினேன். பிறகு தண்ணி எடுக்கிறவருக்கு மோர் கொடுத்தேன்."

அதற்குமேல் சிவக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. கட்டைப் பிடுங்கித் தானே தடவ ஆரம்பித்தார். கையெல்லாம் கரி. தொண்ணூற்றெட்டாவது ஓலையில் இரண்டே சொற்கள் இருந்தன: பல்லைக் கடித்தேன்.

"இது நானா தாயே?"

"வேற யாரு கையெழுத்து?"

கரிக்கையோடே ஓடிப்போய்க் காதுகுத்துக்குப் புறப்பட மூட்டை கட்டினார். அம்மை ஒரு வெற்றோலையை எடுத்து அவர் பயண மூட்டையில் செருகினார்.

புறப்பட்டுப் போன எட்டாம் நாள் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார் சிவக்கொழுந்து. ஓலையில் கரி தடவியே கொண்டுவந்திருந்தார். அம்மை அதை உரக்கப் படித்தார்.

"காதுகுத்துப் பாயசம் என் கையால். இனிப்பு போதாது என்றார் சம்பந்தி. வெல்லம் போட்டேன்."

மடமே விழுந்து விழுந்து சிரித்தது.

"என் மடியில உட்கார வெச்சுத்தான் பேத்திக்குக் காது குத்தினாங்க! மக ரெண்டாவது தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சா தாயே!"

"வெல்லம் போடறப்போ கோபத்துல கை நடுங்கலையா?"

"நடுங்குச்சு."

"அதையும் எழுதுங்க."