கொட்டகைக்குக் காவல் போட்ட கதை

எங்கள் ஊரில் புத்தியில்லாத ஆட்கள் நாலு பேர் என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். நாலு பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் இருந்தது. அதைச் செலவழித்துத்தான் தொலைநோக்கி வாங்கினோம்.

அரிசி ஆலையில் வேலை பார்க்கும் பொன்னுலிங்கம், டிராயிங் மாஸ்டர் இன்னாசிமுத்து, தையல்கடை மைதீன், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான். இதுதான் மேலக்குறும்பலூர் வான்நோக்கர் கழகம். தலைவர் யார் என்பது முடிவாகாததால் நாலு பேருமே தலைவர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

என் மனைவியின் அண்ணன் சங்கரபாண்டியனுக்கு மலையடிவாரத்தில் தென்னந்தோப்பும் அதற்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடும் உண்டு. அந்த வீட்டின் கொல்லையில் இருந்த கொட்டகையைக் கெஞ்சி வாங்கி, கூரையைச் சக்கரத்தில் தள்ளித் திறக்கும்படி மாற்றி, நடுவில் தொலைநோக்கியை நிறுத்தினோம். சுற்றுவட்டாரத்தில் ஒரு விளக்கு கிடையாது. வானம் அள்ளிக் கொட்டினாற்போல இருக்கும்.

பக்கத்துத் தோப்பில் தண்ணீர் மோட்டார் களவு போனது. அடுத்தது எங்கள் தொலைநோக்கிதான் என்று முடிவு செய்தோம். தென்காசியிலிருந்து செல்வின் என்ற எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தோம். அவன் கொட்டகையை ஒட்டிக் கம்பம் நட்டு சென்சார் லைட் மாட்டினான். கதவில் சைரன் வைத்தான். நம்பர் அமுக்குகிற பெட்டி ஒன்றையும் பொருத்தினான்.

"ஆள் அசைஞ்சா லைட் எரியும். கதவைத் திறந்தா சைரன் அடிக்கும். நம்பரை அமுக்குனாத்தான் நிக்கும். அந்த நம்பரை மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி" என்று பொன்னுலிங்கத்தின் காதில் நம்பரை ஓதிவிட்டுப் போனான். தெளிவான பையன். அவன் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நாங்கள் மீறவில்லை.

அன்று சாயங்காலமே கதவுக்கு முன்னால் கூட்டம் போட்டோம்.

"கதவைத் திறந்தா சைரன் அடிக்கும்னு சொல்லியிருக்கான். அதனால திறக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"பெறகு உள்ள எப்படிப் போக?" என்றேன்.

"கூரை எதுக்குவே இருக்கு?"

எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஏணி போட்டு ஏறி, கூரையைத் தள்ளி, உள்ளே குதித்தோம். ஏணி வெளியே கிடந்தால் திருடனுக்கு வசதியாகிவிடும் என்று அதையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். திரும்பும்போதும் அதே பயம். ஆகவே ஏணியை உள்ளேயே வைத்துவிட்டு, சுவர்மேல் உட்கார்ந்து கூரையை மூடி, வெளியே குதித்தோம். எனக்குக் கணுக்கால் பிசகியது. மறுநாள் ஏறுவதற்கு வேறு ஏணி வாங்கினோம். அதற்கடுத்த நாளும் வாங்கினோம். கொட்டகைக்குள் ஏணி சேர்ந்துபோய், நிற்க இடமில்லாமல் ஏணியின் மேலேயே உட்கார ஆரம்பித்தோம்.

லைட்டுதான் பெரிய தொந்தரவு. யார் அசைந்தாலும் பளீரென்று எரிந்து வானத்தைத் துடைத்துவிடும். ஆகவே அசையாமல் பார்ப்பது என்று தீர்மானம் போட்டோம். அசையாமல் இருந்தால் கண்ணைத் தொலைநோக்கியிடம் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் லைட் எரியும். இப்படியே நாலு பேரும் கொசுக்கடியில் சிலையாக நின்றோம். அப்போது மைதீன் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"மாஸ்டர், பூமி சுத்துதுன்னு சொல்லுதீங்களே, அது நெசந்தானா?"

"நெசந்தான்."

"அப்ப நாம எல்லாரும் அசைஞ்சுகிட்டுத்தான இருக்கோம்? லைட் ஏன் எரியல?"

மாஸ்டர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் கம்பத்தின் பக்கம் ஓட்டினார். "செல்வின் மட்டமான சரக்கை மாட்டிட்டான்" என்றார். எல்லோரும் வருத்தத்தோடு தலையாட்டினோம். லைட் எரிந்தது.

தலையாட்டிய வேகத்தில் மைதீன் கதவில் சாய்ந்துவிட்டார். தாழ்ப்பாள் விட்டு, கதவு திறந்து, சைரன் அலறியது. மலையில் பட்டு எதிரொலித்து, இரண்டு சைரன் மாதிரிக் கேட்டது.

"பொன்னுலிங்கம், நம்பர் என்ன?" என்று கத்தினேன்.

"தெரியும். சொல்லக் கூடாதுல்லா."

"சொல்ல வேண்டாம்வே. நீரே அமுக்கும்!"

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்களே."

கண்ணை மூடிக்கொண்டோம். மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறார் என்று பொன்னுலிங்கம் சந்தேகப்பட்டார். வாய்க்கால் வரை போய் நில்லுங்கள் என்றார். போய் நின்றோம். சைரன் நிற்கவில்லை. சற்று நேரத்தில் அவரும் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"நல்லவேளை, மறந்துட்டேன். இனி ஒருத்தனும் என் வாயில இருந்து பிடுங்க முடியாது" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பேட்டரி தீரும்வரை சைரன் அடித்தது. அடிவாரத்துக்காரர்கள் திரண்டு போய் மச்சானிடம் முறையிட்டார்கள். அவர் நேராக என் கடைக்கு வந்தார்.

"மாப்ளே, ஊர்ல உள்ளவன் சனி பிடிக்காம இருக்க எள்ளு விளக்கு போடுதான். நீங்க காசு போட்டுப் பிடிச்சு வச்சிருக்கீங்க. நாளைக்குச் சாயந்தரம் வாரேன். அந்தச் சனியோட வளையத்தைக் கண்ணால காட்டணும். காட்டலேன்னா கொட்டகையில ஆடு கட்டிருவேன்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கொட்டகையை விட்டால் எங்களை நாலு பேர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தனித்தனியாகத்தான் முட்டாள் என்பார்கள்.

மறுநாள் இருட்டு விழுந்ததும் மச்சான் வெள்ளை வேட்டியோடு வந்தார். பேட்டரி போனபிறகும் கதவைத் திறக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. "அண்ணாச்சி, இப்படி ஏறுங்க" என்று ஏணியைக் காட்டினோம். நல்ல கனத்த சரீரம். சுவரைத் தாண்டி உள்ளே காலை விட்டவர் தரையைத் தேடி, தொலைநோக்கியின் மேல் மிதித்து இறங்கினார். மாஸ்டர் அரும்பாடுபட்டுச் சனியைப் பார்த்து நிறுத்தியிருந்த குழாய் மடங்கித் திரும்பி, பக்கத்துக் கம்பத்தைப் பார்த்து நின்றது. அதில் லைட் பிரகாசமாக, விட்டில்கள் மொய்க்க எரிந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"எங்கவே சனி?" என்று மச்சான் கண்ணை வைத்து, படத்தைத் தெளிவாக்குகிற குமிழைக் கண்டபடி ஒரு முறுக்கு முறுக்கினார். எனக்கு ஆடு கத்துகிற சத்தம் இப்போதே காதில் கேட்டது.

"ஏ யப்பா!" என்றார் மச்சான்.

நாங்கள் ஏணிகளைத் தாண்டி அவரை நெருங்கினோம்.

"வளையம்! நல்லா வட்டமா, நடுவுல ஓட்டையோட, தகதகன்னு! சுத்தி நிலால்லாம் பறக்குதுவே!"

சனிக்கு நிறைய நிலா உண்டு என்று மாஸ்டர் படித்திருக்கிறார். றெக்கை உண்டு என்று படித்ததில்லை. வரிசையாக நாங்களும் பார்த்தோம். உண்மைதான். வளையமும் இருந்தது, நிலாக்களும் படபடத்தன. மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் எல்லோரும் அப்படியே உறைந்துபோய் நின்றோம். திடீரென்று இருட்டிவிட்டது.

"சனி மறைஞ்சிட்டு!" என்று அலறினார் குழாயில் கண்ணை வைத்திருந்த மச்சான்.

பதறிப்போன பொன்னுலிங்கம் கையை உதறினார்.

"வந்துட்டு, வந்துட்டு! இன்னொரு தடவை ஆட்டும்!"

அதன்பிறகு மச்சானை நிறுத்த முடியவில்லை. தோள்துண்டைச் சுழற்றிச் சுழற்றிச் சனியை வரவழைத்தார். அசையாமல் நின்று அனுப்பிவைத்தார். இத்தனை வருஷம் அது நம்மை ஆட்டியது, இன்று நாம் ஆட்டுகிறோம் என்று சொல்லிச் சிரித்தார். இறங்கிப் போகுமுன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கொட்டகை உங்களுக்குத்தான் மாப்ளே. ஆடு மழையில நனைஞ்சாலும் பரவால்ல. அடுத்தாப்புல வியாழனைப் பாக்கணும். என்ன செய்யணுமோ செய்யுங்க, செலவு என்னோடது."

உடனே கழகம் கூடியது. இந்தத் தடவை வாக்குவாதமே இல்லை. செல்வினைப் போனில் பிடித்து, இன்னொரு கம்பம் நட வரவேண்டும் என்றேன். லைட் எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டான். நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

"சனியை விட வியாழன் பெருசு" என்றார் மாஸ்டர். "கொஞ்சம் கூட்டியே கொண்டாரச் சொல்லும்."