பேசாத ராஜாவும் சலவைக்காரி சவீனாவும்

கடலும் வானமும் ஒன்றாய்க் கலங்கிக் கிடந்த காலத்தில், ரோமாபுரியைச் சில்வந்தியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று பேர்தான். இருந்ததென்னவோ பத்து நாள் பயணத்துக்கு அப்பால், பனிமூட்டம் விலகாத சதுப்பு நிலக் கோட்டையில். ரோமாபுரிச் சிம்மாசனத்தில் அவர் படம்தான் வீற்றிருந்தது. அதற்கு விளக்கேற்றி, சாம்பிராணி போட்டு, விழுந்து கும்பிடுவார்கள். அதைப் படம் என்று சொல்லிவிட்டால் தலை போய்விடும். ராஜாவை மயக்கி அந்தச் சட்டத்தைப் போடவைத்தவர் மந்திரி கல்விசியன்.

கல்விசியனுக்குக் குளியல் ஆசை அதிகம். ஊருக்கு வரும் கால்வாயைத் தன் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். சலவைக்காரத் தெரு காய்ந்துபோயிற்று. சவீனா என்ற சலவைக்காரி பாப்பரசரிடம் போய் அழுதாள். அவர் கோயிலில் பூசை வைக்கிற பெரியவர். படையும் இல்லை, வாளும் இல்லை. மண்வெட்டியோடு நாலு பேரை அனுப்பி மடையைத் திறந்துவிட்டார்.

ஊரில் இன்னொரு ராஜா முளைத்துவிட்டார் என்று கல்விசியன் கோட்டைக்கு ஓடி ராஜாவிடம் கோள் மூட்டிவிட்டார். ராஜா பாப்பரசரையும் சவீனாவையும் வரவழைத்தார். என்னைக் கேட்காமல் யார் அதிகாரத்தில் மடை திறந்தது, பதில் இல்லையென்றால் பாப்பரசர் ஆளில்லாத் தீவுக்குப் போவார், மடையும் மூடப்படும் என்றார்.

பாப்பரசர் வாய் திறக்குமுன் சவீனா முன்னே வந்தாள்.

"உங்களைக் கேட்டுட்டுத்தான் போனேன் ராசாவே. மூணு நாள் அழுக்கு மூட்டையோட உங்க சிம்மாசனத்துக்குக் கீழேயே கிடந்தேன். தண்ணி கேட்டேன், நீங்க பேசலை. பாப்பரசர்கிட்ட போகட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னும் சொல்லலையே."

"படம் எப்படியடி பேசும்?" என்று சீறினார் கல்விசியன்.

சபை மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. ஜன்னல் வழியே பனி மெல்ல உள்ளே நுழைந்தது.

"படமா? பார்த்துப் பேசுங்க ஐயா," என்றாள் சவீனா, தணிந்த குரலில். "ராசா காதிலே விழுது."

ராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இனி ரோமாபுரியில் தன்னிடம் கேட்டு மூன்று நாளில் பதில் வராத வழக்கையெல்லாம் பாப்பரசரே தீர்க்கட்டும் என்றார். கல்விசியனின் குளத்தைச் சலவைக்காரத் தெருவுக்கே கொடுத்தார். தலை தப்பவேண்டிக் கல்விசியன் ராஜாவின் காலில் விழுந்தார்.

"இங்கே எதற்கு விழுகிறாய்? ரோமாபுரிக்குப் போய் என்னிடம் மன்னிப்புக் கேள்."

கல்விசியன் போய்க் கேட்டார். சாம்பிராணிப் புகைக்குள் தீட்டிய கண்கள் அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. தூரத்துக் குளத்தில் துணி துவைக்கும் ஓசை, கனவில் கேட்பதுபோல் வந்து வந்து போயிற்று. மூன்று நாள் போயிற்று. நாலாம் நாள் காலையில் மண்டபத்தில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரமான கால்வாய்க் கரையோடு, பாப்பரசர் வீட்டைப் பார்த்து நடந்துபோனார்.